312 நாள் கடலை ஜெயித்த மரப்படகு... வறண்ட காற்றிடம் தோற்கப் பார்த்த கதை!

சிவகாசிக்குச் சோறு போட்டது வறட்சி. மழை ஏமாற்றும், மானாவாரி வெள்ளாமை கைக்கு வராமல் போகும். ஆனால் அதே காய்ந்த காற்றும் சுள்ளென்ற வெயிலும்தான் தீக்குச்சியையும் பட்டாசையும் பதமாகக் காயவைத்துக் கொடுத்தன. வானத்தில் லேசாக மேகம் திரண்டாலே சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் களத்தில் பரப்பிய சரக்கைப் பார்த்து மனசு பதறும். அங்கே ஈரம்தான் எதிரி.

மரத்தால் செய்த பாய்மரப் படகின் கணக்கு இதற்கு நேர் எதிர். ஈரத்தில் இருக்கும்வரை அதற்கு உயிர். காய்ந்த காற்றில் நிறுத்தினால் பலகைகள் சுருங்கும், இடைவெளிகள் வாய் பிளக்கும். உலகத்தின் மிக மோசமான கடல்களில் 312 நாள் தாக்குப்பிடித்த ஒரு மரப்படகு, கண்ணாடிக் கூரைக்கு அடியில் பத்திரமாக நிறுத்தி வைத்தபோதுதான் சாகப் பார்த்தது. அந்தப் படகு பிறந்தது லண்டனில் இல்லை, மும்பையில். செதுக்கியவை இந்தியத் தச்சர்களின் கைகள். கடலில் இறக்கும்போது உடைத்தது தேங்காய்!

தப்பாக வந்த வரைபடம்

படகின் பெயர் 'சுஹைலி'. கட்டியவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்களில், பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த இளம் அதிகாரி. அந்தக் கம்பெனியின் பெயர் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். தூத்துக்குடி - கொழும்பு வழியில் அதன் ஆதிக்கத்தை எதிர்த்துத்தான் 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்.

ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் பயணியாகப் போகாமல், சொந்தமாக ஒரு படகு கட்டி அதிலேயே லண்டன் போய்ச் சேர்ந்தால் என்ன? நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கும் சக அதிகாரிகளுக்கும் வந்த யோசனை இதுதான். இங்கிலாந்திலிருந்து வரைபடம் வரவழைத்தார்கள். அவர்கள் விரும்பியது ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று. நார்வே நாட்டுக் கடல் மீட்புப் படகுகளின் சாயலில், 1920களில் அமெரிக்காவில் வரையப்பட்ட பழைய வடிவம் அது. முன்னும் பின்னும் கூம்பி, பருத்த வயிறோடு இருக்கும். வேகம் குறைவு. மறுபடி எழுதிப்போட்டு வேறு வரைபடம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. இருப்பதை வைத்தே ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குத் தைத்துவந்த சட்டை அளவு தப்பினாலும் மாட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரிதான். ஆனால் அந்தத் 'தப்பு'தான் பின்னால் அவரைக் காப்பாற்றியது. வேகமான படகுகள் உடைந்து ஒதுங்கியபோது, இந்தக் குண்டுப் படகு அலைக்கு அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பம்பாயின் கொலாபாவில் வேலை நடந்தது. மரம், தேக்கு. கருவிகள், நம் ஊர் ஆசாரியின் பட்டறையில் இருப்பவைதான். வாச்சியால் செதுக்கினார்கள்; வில்லைக் கட்டிச் சுழற்றும் துரப்பணத்தால் துளை போட்டார்கள். 1964 டிசம்பரில் 32 அடி நீளப் படகு தண்ணீரைத் தொட்டது. வளைகுடா மாலுமிகள் அங்கே வீசும் ஒரு காற்றுக்கு வைத்திருக்கும் பெயர் சுஹைலி. நம் கடற்கரையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் இருக்கிறதே, அதுபோல.

வீடும் அதுதான், வண்டியும் அதுதான்

1965-ன் கடைசியில் நாக்ஸ்-ஜான்ஸ்டன், அவர் தம்பி, இன்னொரு நண்பர் என மூன்று பேர் பம்பாயிலிருந்து கிளம்பினார்கள். மஸ்கட், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, டர்பன். கையில் காசு தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்துச் சம்பாதித்துவிட்டு மறுபடியும் பாய் விரித்தார்கள். லண்டன் வந்து சேர்ந்தபோது 1967.

32 அடிப் படகு என்றதும் பெரிதாகத் தோன்றும். ஆனால் உள்ளே குடியிருக்கக் கிடைக்கும் இடம் ஒரு சின்ன அறை அளவுதான். அதற்குள் படுக்கை, அடுப்பு, அரிசி பருப்பு டப்பாக்கள், உதிரிப் பாய்கள், கயிறு, கருவிப்பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் அடங்கவேண்டும். எந்தப் பொருளையும் சும்மா வைக்க முடியாது. கட்டிவைக்கவேண்டும், இல்லையென்றால் முதல் அலையிலேயே அது பறந்துவந்து மண்டையைப் பதம்பார்க்கும். அடுப்புகூட ஊஞ்சல்போலத் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்பதற்காக இந்த ஏற்பாடு. குளிக்கக் கடல் தண்ணீர், குடிக்க மட்டும்தான் நல்ல தண்ணீர். மழை பெய்தால் பாயில் வழியும் தண்ணீரை வாளியில் பிடிப்பார்கள். குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த அனுபவம் உள்ள விருதுநகர் மாவட்டத்து வீடுகளுக்கு அந்தத் தண்ணீர்க் கணக்கு சட்டெனப் புரியும்.

குடும்பத்தோடு இப்படி வாழ்ந்தவர்களும் உண்டு. ஜோஷுவா ஸ்லோக்கம் என்ற கப்பல் தலைவனின் கப்பல், பிரேசில் கரையில் தரைதட்டி உடைந்தது. ஊர் திரும்பக் கையில் பணமில்லை. மனைவி ஹெட்டி, இரண்டு மகன்களோடு அந்தக் கரையிலேயே உட்கார்ந்து, உடைந்த கப்பலில் மிஞ்சியதையும் உள்ளூர்க் காட்டு மரத்தையும் வைத்து 35 அடியில் ஒரு படகு கட்டினார். பாயைத் தைத்துக் கொடுத்தவர் ஹெட்டி. படகு தண்ணீரில் இறங்கிய 1888 மே 13 அன்றுதான் பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதனால் படகுக்கு 'லிபர்டாடி', விடுதலை என்று பெயர். 55 நாள் கடலில் ஓடி அமெரிக்கக் கரை சேர்ந்தது அந்தக் குடும்பம். உலகத்தைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர் என்று பிற்பாடு பேர் வாங்கியவர் இதே ஸ்லோக்கம்தான். ஹெட்டி அதற்குப் பிறகு அவரோடு நீண்ட கடல்பயணம் போகவில்லை. யார் அவரைக் குறை சொல்ல முடியும்?

கடலுக்கு அடியில் பஞ்சு அடைத்தவர்

சுஹைலிக்கு வருவோம். 1968-ல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை 'கோல்டன் குளோப்' என்ற போட்டியை அறிவித்தது. தனி ஆளாக, எங்கேயும் நிற்காமல், யாரிடமும் எதுவும் வாங்காமல் உலகத்தைப் பாய்மரப் படகில் சுற்றவேண்டும். அதுவரை யாரும் செய்யாதது. ஜூன் 14-ம் தேதி இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து கிளம்பியபோது நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு 29 வயது. கையில் பெரிய பணம் இல்லை. புதுப் படகு கட்ட வழியில்லாமல், பம்பாயில் கட்டிய பழைய படகையே எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரங்களிலேயே வினை ஆரம்பித்தது. படகுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பம்பு அடித்து மாளவில்லை. கேப் வெர்டி தீவுகளைத் தாண்டிய பிறகு, காற்று அடங்கிய ஒரு நாளில் குதித்து முங்கிப் பார்த்தார். ஏராவும் முதல் பலகையும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பல அடி நீளத்துக்கு மூட்டு திறந்திருந்தது. படகு அசையும்போதெல்லாம் அதுவும் அசைந்தது.

என்ன செய்வது? பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சு அடைப்பதுதான் ஆதிகாலத்து வைத்தியம். தமிழில் இதற்குக் கலப்பற்று என்று பெயர். வழக்கமாகப் படகைக் கரையில் ஏற்றி, காயவைத்துச் செய்கிற வேலை. அவர் கடலுக்கு அடியில் செய்யவேண்டியிருந்தது. சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளுவதற்குள் பஞ்சு பிதுங்கி வெளியே வந்தது. மூச்சு முட்டினால் மேலே வரவேண்டும், திரும்ப முங்கவேண்டும்.

கடைசியில் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். நீளமான கித்தான் துண்டில் பஞ்சைத் தைத்தார். தாரைத் தடவினார். செம்பு ஆணிகளை முன்கூட்டியே அதில் செருகிவைத்துக்கொண்டார். பிறகு முங்கி, அந்தத் துண்டை மூட்டின் மேல் பதித்து ஆணியடித்தார். வெள்ளைத் தோலைப் பார்த்துச் சுறா வந்துவிடக் கூடாது என்று கறுத்த நிறச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டார். அப்படியும் ஒரு சுறா வந்து சுற்றியது. மேலேறித் துப்பாக்கியால் சுட்டார். அது போன பிறகு, வேறு சுறா வருகிறதா என்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். சுறாவைச் சுட்டதைவிட, அதற்குப் பிறகு இறங்கினாரே, அதுதான் பெரிய விஷயம்.

தெற்குப் பெருங்கடலில் ஒரு ராட்சத அலை படகைப் பக்கவாட்டில் படுக்கவைத்தது. மேல்கூடு அசைந்து விரிசல் விட்டது. தொட்டிகளில் இருந்த குடிதண்ணீர் கெட்டுப்போனது. தானாகத் திசை பிடித்து ஓட்டும் கருவி ஆஸ்திரேலியா பக்கம் போகும்போது முழுசாக உடைந்தது. ரேடியோ ஊமையானது. ஒருமுறை பாய் தைக்கும்போது நூலோடு தன் மீசையையும் சேர்த்துத் தைத்துவிட்டார். கத்தி எட்டாத தூரத்தில். தலையை வெடுக்கென்று இழுத்துத்தான் விடுபட்டார்.

நியூசிலாந்துக்குப் பிறகு நாலு மாதத்துக்கு மேல் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 1969 ஏப்ரலில் ஓர் எண்ணெய்க் கப்பல் பார்த்துச் சொன்ன பிறகுதான் வீட்டாருக்கே உயிர் வந்தது. ஏப்ரல் 22 அன்று, துருவும் உப்பும் பூத்த படகோடு ஃபால்மவுத் வந்து சேர்ந்தார். 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று சுங்க அதிகாரிகள் வழக்கப்படி கேட்க, 'ஃபால்மவுத்திலிருந்து' என்று பதில் சொன்னார். கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. போட்டியின் நடுவே கடலில் மாண்டுபோன டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குத் தன் 5,000 பவுண்ட் பரிசை அப்படியே கொடுத்துவிட்டார்.

காப்பாற்றப் போய்க் கெட்ட படகு

இவ்வளவு பெயர் வாங்கிய படகை விடுவார்களா? லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். மழை இல்லை, அலை இல்லை, புழு இல்லை. ஆனால் பொருள்களைப் பாதுகாப்பதற்காகவே உலரவைக்கப்பட்ட காற்று, தேக்குப் பலகைகளின் ஈரத்தை மெல்ல உறிஞ்சியது. பலகைகள் சுருங்கின. 2002-ல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் படகைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மரம் ஏன் இப்படிச் செய்கிறது? மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சாத்த மறுக்கும் வீட்டுக் கதவு, கோடையில் தானாகச் சரியாகிவிடும் இல்லையா? அதே சங்கதிதான். தண்ணீரில் கிடக்கும் பலகை குறுக்குவாட்டில் ஊதும். ஊதும்போது நடுவில் அடைத்த பஞ்சை இறுக்கிப் பிடிக்கும். அப்போதுதான் படகு ஒழுகாது. காய்ந்தால் பிடி தளர்ந்து, பஞ்சு தொளதொளவென்று ஆகிவிடும். பஞ்சை அளவுக்கு மீறித் திணித்தாலும் ஆபத்து. பலகை ஊதும்போது இடமில்லாமல் ஆணியையே பிடுங்கிக்கொண்டு வரும். அடைக்கிற ஆளுக்குக் கைப்பழக்கம் வேண்டும். சுத்தியல் விழும் சத்தத்தை வைத்தே பதம் சொல்லும் கிழவர்கள் உண்டு.

இன்னொரு விசித்திரம். மரப்படகுக்கு உப்புத் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் கெடுதல். உப்பு இருக்கும் இடத்தில் மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்குப் பிழைப்பு கஷ்டம். மேல்தளத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி ஒரு மூலையில் தேங்கினால் போதும், வெளியே பளபளவென்று இருக்கும் மரம் உள்ளே மாவாகிவிடும். அதனால்தான் படகில் குடியிருப்பவர்கள் மூலைமுடுக்கெல்லாம் ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

சுஹைலியில் மரத்தைவிட இரும்புதான் மோசமாகியிருந்தது. பலகைகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்து இளைத்திருந்தன. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் தன் கையாலேயே அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருப்பிடிக்காத வெண்கல ஆணிகளை மாட்டினார். வருடக்கணக்கில் இழுத்த வேலை. 2018-ல், போட்டியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு, அதே ஃபால்மவுத் கடலில் சுஹைலி பாய் விரித்து ஓடியது.

தூத்துக்குடியில் இன்னும் கேட்கும் சுத்தியல்

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் சாகசக் கதை, நமக்கும் இதற்கும் என்ன என்று நினைக்கத் தோன்றலாம். விருதுநகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் அதற்குப் பதில் இருக்கிறது.

இன்றும் பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட்' விலை நிலவரம் வருகிறதே, வற்றல், பருப்பு, எண்ணெய் என்று வரிசையாக? கடலே இல்லாத அந்த ஊரின் வியாபாரத்துக்குத் தூத்துக்குடிதான் கடல் வாசல். 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்தபோது அது விருதுநகர் வழியாகத்தான் போனது. அப்போது ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கிக் கப்பல் ஏறினார்கள். வெங்காயமும் மிளகாய் வற்றலும் மூட்டை மூட்டையாகத் தோணிகளில் ஏறின.

தூத்துக்குடித் தோணி என்பது மீன்பிடிப் படகு இல்லை. நூற்றுக்கணக்கான டன் சரக்கு சுமக்கும் பாய்மரக் கப்பல். அதற்கு இரும்புக் கப்பல் கட்டும் தளம் தேவையில்லை. ஏராவை நிறுத்தி, வங்குகளை எழுப்பி, பலகை பலகையாகப் போர்த்துவார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. மேஸ்திரியின் தலைக்குள்தான் அது இருந்தது. கப்பலை நடத்துபவருக்குத் தண்டல் என்று பெயர். பத்துப் பேருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருப்பார்கள். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த மரத்தின் மேல்தான். கொழும்பு, மாலத்தீவு, லட்சத்தீவு என்று போய்வந்தார்கள். இந்த வாழ்க்கையை விரிவாகச் சொன்ன ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலுக்கு 2013-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகளுக்கு ஓட்டம் கிடையாது. அந்த ஓய்வு கப்பலுக்குத்தான், ஆளுக்கு இல்லை. பழைய பஞ்சைக் கெல்லி எடுத்து, புதுப் பஞ்சைத் திரித்து அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதியைக் கப்பல் புழு துளைத்துவிடாமல் மேல்பூச்சு போடவேண்டும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் சுறாவுக்கு நடுவே முங்கிச் செய்த வேலையைத்தான் இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக வருஷாவருஷம் செய்தார்கள். கரிசல் காட்டுக்காரர்களுக்குப் பருத்தி என்றால் நூலும் வேட்டியும். கடற்கரையில் அதே பஞ்சு, ஆள் உயிரைப் பிடித்துவைக்கிற பொருள்.

அக்கரைத் தமிழர்களின் கதை இன்னும் ஒருபடி மேல். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை, 1930களில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தன் மனைவி ஃபுளோரன்ஸின் பெயரை அதற்கு வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே சூயஸ் கால்வாய் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வேப்ப மரக் கப்பல், அமெரிக்கா வரை! ஹாலிவுட்டில் யாராவது இதைப் படமாக எடுத்திருந்தால் நாம் கைதட்டிப் பார்த்திருப்போம். நம் பிள்ளைகளின் பாடத்தில் இது ஒரு பத்தியாகவாவது வரலாம்.

சுஹைலியின் வடிவத்திலேயே இன்னொரு படகும் இந்தியாவில் பிறந்தது. 2018-ல் பழைய கோல்டன் குளோப் போட்டியை அதே விதிகளோடு மறுபடி நடத்தியபோது, இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதில் ஓட்டிய 'துரியா' கோவாவில் கட்டப்பட்டது. செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி. அசையமுடியாமல் மூன்று நாள் படகுக்குள் கிடந்தவரை ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. மனிதர் அதோடு நிற்கவில்லை. 2022 போட்டியில் மறுபடி கிளம்பி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார்.

இப்படித் தூரக்கடல் போகிற ஒவ்வொரு படகிலும் சிவப்பு வெளிச்ச வாணங்கள் இருக்கும். ஆபத்தில் கொளுத்தி உதவி கேட்பதற்கு. அந்தச் சிவப்பைக் கொடுப்பது ஸ்ட்ரான்சியம் உப்பு. சிவகாசி மத்தாப்பில் சிவப்பு கொட்டுவதும் அதே ஸ்ட்ரான்சியம்தான்.

கன்டெய்னர் கப்பல்கள் வந்தபிறகு தூத்துக்குடித் தோணிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. பாய்களோடு இன்ஜினும் வந்துவிட்டது. பஞ்சு அடைக்கத் தெரிந்த கைகளுக்கு வயதாகிறது. அப்பாவிடமிருந்து கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் வருவதில்லை. வருஷத்தில் சில மாதமே கிடைக்கும் வேலைக்கு அவர்கள் ஏன் வரவேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. இருந்தாலும் பழைய துறைமுகத்தில் இன்னும் சில தோணிகள் நிற்கின்றன. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் பலகைகளின் நடுவே பார்க்கலாம். வரி வரியாக ஓடும் அந்தக் கோடுகளுக்குள் இருப்பது பஞ்சு.